காலி வண்டி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எனக்கும் வீட்டுக்காரிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் தலைவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா?

போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். ஜூலை கடைசி வாரம் எனக்கு விடுப்பு கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரிக்குக் கிடைக்கவில்லை, நான் மட்டும் வருகிறேன். வாடகைக் கார் எடுத்து உன்னையும் அப்பாவையும் மலைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். அடிவாரத்திலிருந்து உச்சி வரை காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் சாலை. உச்சியில் ஒரு விடுதி இருக்கிறது. அறை போட்டாயிற்று. அப்பா வேலை பார்த்த காலமெல்லாம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் போகிற ஊர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எந்த ஊருக்குப் போனார், சொல்லு.

இன்னொரு விஷயம். அம்மா போனதிலிருந்து நீதான் அவரைப் பார்த்துக்கொள்கிறாய். இனி என் முறை. அக்டோபரில் வந்து அவரை இங்கே அழைத்து வந்துவிடுகிறேன், நிரந்தரமாக. தெருவைப் பார்த்த அறையை அவருக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

பயணத் திட்டத்தைத் தனித் தாளில் அச்சடித்து, நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் ஒட்டி இத்துடன் அனுப்புகிறேன். தொலைத்துவிடாதே.

அப்பாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உயிரோடு இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. என் தலைவலிக்கு டாக்டர் தேவையில்லை, ஒரு வாரம் யாரும் என்னோடு பேசாமலிருந்தால் போதும். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

உன் பயணத் திட்டத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ‘இயற்கையை ரசித்தல்: நாற்பது நிமிடம்’ என்று போட்டிருக்கிறாய். நாற்பத்தோராவது நிமிடம் ரசித்தால் என்ன செய்வாய்? தொழிற்சாலையில் நீ பாதுகாப்பு அதிகாரி என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. விசில் ஊதி, ஆட்களை வெளியே ஓட வைத்து, தலை எண்ணுவதற்கு உனக்குச் சம்பளம் தருகிறார்கள். மலையிலும் விசில் ஊதாமல் இருந்தால் சரி. ஜூலையில் அந்த மலையில் மழை கொட்டும் என்று செய்தித்தாள் பார்க்கிற எவருக்கும் தெரியும். உனக்கு மட்டும் அறை போட்டாயிற்று என்பதால் வானம் வழிவிடும் போலிருக்கிறது.

ஆனால் அப்பா தலைகால் புரியாமல் இருக்கிறார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, “மலை உச்சிக்குச் செல்லும் வண்டி இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்” என்று மைக் இல்லாமலே அறிவிக்கிறார். கேட்கவே சகிக்கவில்லை. அதனால் வருகிறோம்.

அக்டோபரில் தாராளமாக அழைத்துக்கொண்டு போ. நான் ஒன்றும் அழுதுகொண்டிருக்க மாட்டேன். ஆலையில் நாள் முழுக்கச் சட்டைகளைத் திருப்பிப் போட்டுத் தையல் குறை தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர் தேநீரை உறிஞ்சுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. காலையில் குளியலறை எனக்கு முதலில் கிடைக்கும் என்ற நினைப்பே இனிக்கிறது.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜூலை 30

தம்பிக்கு,

உன் உடல்நலத்தை விசாரிக்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்காது. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. மருந்து ஓடுகிறது. இருமும்போது முதுகைப் பிடித்துக்கொள்கிறார்.

நேற்று மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை ‘சிக்னல் இல்லை’ என்றாய், ஒரு முறை அழுதாய். அழுகிறவனைத் திட்டுவது எனக்கு வராது. இந்தக் காகிதத்துக்கு அழத் தெரியாது. அதனால் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன். உனக்கு மறதி வரப் போகிறது என்று எனக்குத் தெரியும், அதற்கு முன்னால் எழுதி வைக்கிறேன்.

மேல்சாலைக்குப் போகிற இடத்தில் தடுப்புக் கம்பு போட்டிருந்தது. காவலர் சாப்பிடப் போயிருந்தார். ‘மேலே கனமழை, சாலை மூடப்பட்டது’ என்று கை அகல எழுத்தில் பலகை தொங்கியது. நீ இறங்கிப் போய் அதைப் படித்தாய். திரும்பி வந்து, “முன்பதிவு இருக்கிறவங்களுக்கு இது பொருந்தாது” என்றாய். அப்பா, “போகலாமாடா?” என்று கேட்டார். “அப்பா, நான் பாதுகாப்பு அதிகாரி” என்றாய். கம்பைத் தூக்கி வண்டியை உள்ளே விட்டு, மறுபடி கம்பை ஒழுங்காக இறக்கியும் வைத்தாய். என்ன பொறுப்பு!

பிறகு ஆலங்கட்டி. பிறகு முன்னால் மண் சரிந்தது. திருப்பலாம் என்று பார்த்தால் பின்னால் மரம் விழுந்து கிடந்தது. அதுவரை நடந்ததற்கு வானத்தைக் குறை சொல்லலாம் என்றே வைத்துக்கொள்வோம். நீ மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டாய், விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டாய், இருந்த ஒரே குடையையும் ஒரே டார்ச்சையும் எடுத்துக்கொண்டாய். “யாரும் பதறாதீங்க, நான் போய் உதவி கூட்டிட்டு வர்றேன்” என்று சொல்லி, இறங்கி நாலடி நடந்தவன், திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டிச் சாவியை அமுக்கினாய். க்ளிக்.

எங்களை உள்ளே வைத்துப் பூட்டினாய். ரிமோட்டில் பூட்டினால் உள்ளேயிருந்தும் திறக்க முடியாத வண்டி. ‘திருட்டுப் பயமே இல்லை’ என்று அதை எடுத்தபோது நீதான் பீற்றிக்கொண்டாய். அப்பா பக்கத்துக் கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. சாவி இல்லாமல் அதை ஏற்ற வழியில்லை. தட்டினேன், கத்தினேன். என் போனில் சிக்னல் இல்லை. உன் மஞ்சள் முதுகு மழையில் போய்க்கொண்டேயிருந்தது.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. உள்ளே யாராவது அசைந்தால் உன் வண்டி திருடன் என்று நினைத்து ஊளையிட்டது. அப்பா தும்மினால் ஊளை. நான் காலை நீட்டினால் ஊளை. பாட்டரி தீர்ந்த பிறகுதான் ஓய்ந்தது. குளிருக்கு அப்பாவின் பல் தந்தியடித்தது. “பயணிகள் கவனத்திற்கு, இந்த வண்டி காலவரையின்றி நிற்கும்” என்று ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி இடுக்கில் வழிந்த தண்ணீரை அடைக்க உன் பயணத் திட்டத்தைச் செருகினேன். பிளாஸ்டிக் ஒட்டியிருந்தாய் அல்லவா, அன்றைக்கு உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

மதியம் போனாய். இருட்டுகிற நேரத்துக்கு மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்து, கண்ணாடியை உடைத்து எங்களை வெளியே எடுத்தார். தன் மழைக்கோட்டைக் கழற்றி அப்பாவுக்குப் போர்த்தினார். அதற்கப்புறம்தான் நீ வந்தாய், “சாவி! சாவி என்கிட்ட இருக்கு!” என்று கத்திக்கொண்டே. உன் மேல்சட்டை அதற்குள் காய்ந்திருந்தது.

நடக்கிற தூரத்தில் இருந்த காவல் அறைக்குப் போய் உதவி கூட்டிவர அத்தனை நேரம் ஏன் ஆனது? இதற்கு மட்டும் பதில் எழுது. மற்ற கதை வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? இரவில் தூங்குகிறாரா? உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன்.

சாவியை அமுக்கியது கைப்பழக்கம். வண்டியை விட்டு இறங்கினால் பூட்ட வேண்டும் என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் நானே சொல்லிக்கொடுக்கிறேன். கை தானாகச் செய்துவிட்டது. இதை நீ நம்ப வேண்டும்.

நேரமானதற்குப் பல காரணங்கள் இருந்தன. வழியில் தண்ணீர் ஓடியது. சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அங்கேயும் அவர்களுக்குச் சில நடைமுறைகள் இருக்கின்றன. எழுத்துவேலைகள் இருந்தன. மழை நிற்காமல் இயந்திரத்தை மேலே அனுப்பக்கூடாது என்பது அவர்கள் விதி. நிலைமை நம் கையில் இல்லை.

எப்படியோ எல்லோரும் பத்திரமாகத் திரும்பினோம். இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டோம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 10ஆம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்.

உன் தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

இருமல் பாதி குறைந்தது. தூங்குகிறார். நான் தூங்குகிறேனா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

‘கற்றுக்கொண்டோம்’ என்று எழுதியிருக்கிறாய். யார் யார் கற்றுக்கொண்டோம்? நனைந்தது நாங்கள், பாடம் உனக்கா? எழுத்துவேலைகளாம், நடைமுறைகளாம். நல்ல சப்பைக்கட்டு. பிடிபட்ட குமாஸ்தா மாதிரி எழுதுகிறாய். வழியில் தண்ணீர் ஓடியது என்கிறாயே, அந்தச் சாலையில்தான் எங்களை அன்று இரவு கீழே இறக்கினார்கள். எங்கே ஓடியது அந்தத் தண்ணீர்?

சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டால் வீட்டில் உள்ள எல்லோரும் அந்த அறைக்கு ஓடுவோம். நீ மட்டும் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். பெரியவனானதும் அதற்கு ஒரு பதவியும் கொடுத்து, சீருடையும் கொடுத்திருக்கிறார்கள்.

சீட்டை ரத்து செய். அப்பா வரமாட்டார். குளிருகிறது என்று அவர் சொன்னால் நீ உதவி கூட்டிவரக் கிளம்பிவிடுவாய். உன் வீட்டுக் கதவு உள்ளேயிருந்து திறக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெருவைப் பார்த்த அறையில் துணி காயப்போட்டுக்கொள்ளுங்கள்.

உன் வீட்டுக்காரி நல்லவள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. பரிதாபம்தான்.

அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

அப்பாவுக்கும் உனக்கும் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

சீட்டை ரத்து செய்யமாட்டேன். நீ என்னைக் கேவலமாக நினை, பரவாயில்லை. நீ என்னை வேறு எப்படி நினைத்தாய்? ஆனால் அப்பாவை என்னிடம் அனுப்பு. அந்த அறைக்கு வெள்ளையடித்துவிட்டோம். கட்டில் உயரம் அவர் முழங்காலுக்குச் சரிப்படாது என்று வீட்டுக்காரி அதன் காலை அறுத்துக் குள்ளமாக்கினாள். அவர் பேச ஆள் வேண்டும் என்று மாலையில் சீக்கிரம் வரும்படி என் வேலை நேரத்தை மாற்றிக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அவர் அப்பாதானே. ஒரு நாள் தப்பு செய்தேன் என்பதற்காக மீதி நாளெல்லாம் எனக்கு இல்லை என்று நீ எப்படிச் சொல்ல முடியும்?

நான் என்ன செய்தேன் என்று நீ ஒவ்வொரு வரியாக எழுதிவிட்டாய். வண்டிக்குள் நீ என்ன பேசினாய் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

தம்பி


செப்டம்பர் 15

தம்பி என்று கூப்பிட வேண்டியிருக்கிறவனுக்கு,

இன்று நலம் விசாரிப்பு கிடையாது.

அந்த இயந்திரக்காரரின் மழைக்கோட்டு நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. துவைத்து மடித்து, பேருந்து பிடித்து, நேற்று அடிவாரத்துக்குப் போய் அவரிடம் கொடுத்தேன். அவர்களுடைய கொட்டகையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அப்பாவை விசாரித்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: “அதை நான் இன்னும் மறக்கலம்மா. காலி வண்டின்னு சொன்னாங்க. சரி, காலி வண்டிதானே, மழை விட்டதும் மெதுவா போய் எடுத்துக்கலாம்னு உக்காந்திருந்தோம். பக்கத்துல போனா கண்ணாடியில கை தெரியுது.”

“யாருங்க காலின்னு சொன்னது?” என்றேன்.

“மஞ்சச் சட்டை போட்டவரு. வண்டிக்காரரு. காவலர் ரெண்டு தடவை கேட்டாரு, ‘உள்ள ஆள் இருக்கா, ஆள் இருக்கா’ன்னு. ‘இல்ல, நான் மட்டும்தான்’னாரு. ஆள் இருந்தா மழையைப் பாக்காம உடனே போயிருப்போம்.”

தேநீரைப் பாதியில் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

தலை எண்ணுவதற்குச் சம்பளம் வாங்குகிறவனே, உன் கணக்கில் நாங்கள் எத்தனை தலை? நான் போகட்டும். என்னை இல்லை என்று சொல்லி உனக்குப் பழக்கம்தான். அவர் பெற்றவர். நனைந்து விறைத்துப்போய், நீ வந்துவிடுவாய் என்று அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நீ அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சட்டை காயவைத்துக்கொண்டிருந்தாய்.

திட்டுவதற்கு வார்த்தை தேடிப் பார்த்தேன். எனக்கு வார்த்தைப் பஞ்சம் வந்தது இதுதான் முதல் தடவை. உன்னைப் புழு என்று எழுதலாமென்றால் புழு என்ன பாவம் செய்தது?

இல்லை என்று ஒரு வரி எழுது. அந்த ஆள் பொய் சொல்கிறார் என்று எழுது. நான் நம்பமாட்டேன், ஆனாலும் எழுது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பதில் வந்ததும் அதைக் கையில் கொடுத்துச் சொல்வேன்.


அக்டோபர் 6

இன்னும் பதில் இல்லை.

அப்பாவுக்கு இருமல் முழுக்க நின்றுவிட்டது. எழுதவேண்டிய நல்ல செய்தி இவ்வளவுதான்.

பதிலெழுதாமல் விட்டால் நானாக மறந்துவிடுவேன் என்று நினைக்கிறாயா? நான் ஆலையில் தள்ளிவைத்த சட்டை ஒன்றுகூட இதுவரை கடைக்குப் போனதில்லை. 10ஆம் தேதி ரயிலில் நீ வரமாட்டாய் என்று தெரியும். வந்தால் வாசலில் என்னைப் பார்க்க வேண்டுமே. அப்பாவிடம், ‘அவனுக்கு வேலை அதிகம், வரவில்லை’ என்று உனக்காகப் பொய் சொல்லிவைத்திருக்கிறேன். அதற்கும் சேர்த்து நீ பதில் சொல்ல வேண்டும்.

அக்கா


அக்டோபர் 22

அக்கா,

உண்மைதான். அந்த ஆள் பொய் சொல்லவில்லை.

காவல் அறைக்குள் நுழைந்ததுமே காவலர் கத்த ஆரம்பித்தார். கம்பைத் தூக்கியது யார், மூடிய சாலையில் தனியாகப் போனால் ஒரு தண்டனை, வயசானவங்களையோ குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு போனால் வழக்கு, வேலை செய்கிற இடத்துக்கும் எழுதுவோம் என்றார். பாதுகாப்பு அதிகாரிமேல் அப்படி ஒரு வழக்கு வந்தால் அத்தோடு என் வேலை போயிற்று. ஆள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று வந்துவிட்டது. எப்படியும் உடனே இயந்திரம் மேலே போகும், போனதும் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். காலி வண்டிக்கு அவசரமில்லை என்று அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு நிமிடமும் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்களே என்று உட்கார்ந்தேன். நேரம் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. கடைசியில் காவலர் இரங்கி வழக்கு எழுதாமல் விட்டார். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் தாராளமாகக் காட்டு.

தம்பி


நவம்பர் 5

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பா நலம். முழங்கால் மட்டும் காலையில் கொஞ்சம் பிடிக்கிறது. இந்தக் கடிதத்தை அவரே உன்னிடம் கொடுப்பார். அவர் பிரித்துப் படிக்கமாட்டார், அவருக்கு அந்தப் புத்தி கிடையாது.

ஆமாம், வருகிறார். ஞாயிறு ரயிலில் ஏற்றிவிடுகிறேன். நிலையத்துக்குச் சீக்கிரம் வந்து நிற்கச் சொல்லிப் போன் செய்கிறேன். இந்தத் தடவை தலை எண்ண ஒன்றே ஒன்றுதான், எண்ணிவிடுவாய் என்று நம்புகிறேன்.

ஏன் வருகிறார் என்று எழுதிவிடுகிறேன். அவர் சொல்லி நீ கேட்பதைவிட நான் எழுதி நீ படிப்பது மேல்.

உன் கடிதம் வந்த அன்று அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினேன். காலி என்ற இடத்தைக் கொஞ்சம் நிறுத்தியே படித்தேன். எனக்கு உள்ளூர எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. படித்து முடித்து நிமிர்ந்தேன். அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

“தெரியும்” என்றார்.

“எப்பத்துலேருந்து?”

“அன்னிக்கே. கீழ காவல் அறையில என்னை உக்காரவச்சு, என் காலைத் தேச்சுவிட்டுக்கிட்டே சொன்னான். ‘உங்களை இல்லேன்னு சொல்லிட்டேம்பா’ன்னான். சின்னப் பையன் மாதிரி அழுதான். நீ அப்ப வெளிய அந்தக் காவலரைப் பேசவே விடாம திட்டிக்கிட்டு இருந்தே.”

“இத்தனை மாசமா ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ பேசுவியே.”

எனக்குக் கோபம் வந்தது. “நான் பேசினா என்ன? குளிர்ல உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நானா, அவனா?” என்று கேட்டேன்.

“நீதான். இல்லேங்கல. கட்டிப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னே?”

நான் வாயைத் திறக்கவில்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சொல்லியிருப்பேன். அவர் அந்த மைக் குரலில் சொன்னார், வண்டி எண்ணும் புறப்படும் நேரமும் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. “பெத்தது ரெண்டு. ஒண்ணு ஓடிப்போச்சு. இன்னொண்ணு உங்களைச் சுமந்தே தேயுது. அம்மா போனப்பவே நீங்களும் கூடப் போயிருந்தா, இன்னிக்கு நான் இந்த வண்டியில உக்காந்து விறைக்க வேண்டியதில்ல.”

ஒரு சொல் மாறவில்லை. அப்படித்தான் சொன்னேன். அதுவும் ஒரு தடவை இல்லை.

கோபத்தில் வந்த பேச்சு என்றேன். “ஆமா, கோபந்தான்” என்றார். “ஆனா உனக்குக் கோபம் மழைக்கு மட்டுமா வருது? நான் சாப்பிட்டா சாப்பாட்டைப் பத்திப் பேசுவே. இருமினா இருமலைப் பத்திப் பேசுவே. தேநீர் குடிச்சா சத்தம்பே. உன்கிட்ட எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. வேளைக்குச் சோறு, வேளைக்கு மருந்து. ஆனா நீ வேலைக்குப் போன பிறகுதான் நான் மூச்சு விடறேன்.”

“அவன் உங்களை இல்லேன்னு சொன்னவன்பா” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு முன்னால் அழுது பல வருஷமாகிறது.

“பயத்துல ஒரு நாள் சொன்னான்” என்றார். “அவன் பயந்தாங்கொள்ளிதான். நானும் அப்படித்தான். இல்லேன்னா இத்தனை வருஷம் உன்கிட்ட இதைச் சொல்லாம இருந்திருப்பேனா? ரெண்டு பயந்தாங்கொள்ளிங்க, ஒருத்தரை ஒருத்தர் திட்டாம ஒரு வீட்ல இருந்துட்டுப் போறோம்.”

அவ்வளவுதான். எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். அன்றைக்கிலிருந்து அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று சத்தமில்லாமல் துணி மடிக்கிறார். தேநீரையும் சத்தமில்லாமல் குடிக்கிறார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

உன்னைப் பற்றி நான் நினைத்தது எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. நீ கோழை, புளுகன், உன் மஞ்சள் சட்டைக்குள் முதுகெலும்பு கிடையாது. அப்படிப்பட்ட உன்னையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மனுஷன் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நான் தோற்றது உன்னிடம் என்பதுதான் தாங்கவில்லை. இல்லை, அதுகூட இல்லை. அவர் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் உன்னை அத்தனை திட்டினேன். ஜூன் மாதமே அப்படி எழுதியிருக்கலாம். குளியலறையைப் பற்றி எழுதினேன்.

மாத்திரைகளைப் பையின் வெளி அறையில் வைத்திருக்கிறேன். இரவில் ஒரு முறை எழுந்திருப்பார், கூடத்து விளக்கை அணைக்காதே. படுக்கிற அறைக்கு வெளித்தாழ்ப்பாள் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடு. பழைய வண்டி எண்களைச் சொல்லி ஏதாவது கதை ஆரம்பிப்பார், முன்பே கேட்டது என்று சொல்லாதே. நான் சொல்வேன்.

மத்தியானம் பெட்டியை மூட உதவி கேட்டார். மூடிக்கொண்டே, “நான் அங்க வந்து உங்களைப் பாக்கலாமா?” என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை.

“வா” என்றார். பெட்டியைப் பூட்டினார். “வந்தா சும்மா என் பக்கத்துல உக்காந்திரு. பேசாதே.”

சரி, முயற்சி செய்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன்.

அக்கா